பிடிகாரன் ஜக்சீர்

காலையில் எருமைகளுக்குத் தீவனம் கலந்து வைத்துவிட்டு, கைப்பம்பில் முழங்கை வரை கழுவிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து வாயைச் சாத்திக்கொண்டால், அது கரைகிற வரைக்கும் ஜக்சீர் சிங் ஊமை. விழுங்கினால் வேலை செய்யாது. பேசினால் எச்சிலோடு பாதி போய்விடும். இது தெருவுக்கே தெரியும். ஆகையால் பீர்கோட்டில் அவனிடம் கேள்வி கேட்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் அந்த வேளைக்கே வந்து சேருவார்கள்.

"என்ன சீரா, கனடாவுக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று பால்காரன் சைக்கிளை மெதுவாக்கிக் கேட்பான்.

"ஓய், சும்மா இரு. வண்டிக்கு பெட்ரோல் ஊத்திட்டிருக்காங்க. ஊத்தாம ஸ்டார்ட் ஆகாது" என்பான் பின்னால் வருகிறவன்.

ஜக்சீர் ஒரு விரலை உயர்த்துவான். 'இரு, வரேன்' என்று அர்த்தம். மாத்திரை கரைந்து, கசப்புப் போக ஒரு கட்டி வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து பார்த்தால் கேட்டவன் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருப்பான். "பாருங்க பைண்ஜி" என்பான் என்னிடம். பள்ளிக்கூட டீச்சரம்மாக்களைச் சாகும்வரை சகோதரி என்றுதான் இங்கே கூப்பிடுவார்கள். "என்கிட்ட கேள்வி கேக்கறவன் ஒருத்தனுக்கும் பதில் வேண்டாம்."

அவன் எந்தக் கதவிலும் நேராக நுழைந்து நான் பார்த்ததில்லை. ஒருக்களித்துத்தான் நுழைவான். காதுகள் இரண்டும், சப்பாத்தி மாவை யாரோ கோபத்தில் உருட்டி அப்பிய மாதிரி இருக்கும். முன்பல் ஒன்று அரியானாக்காரன் ஒருவனின் முழங்கையோடு போய்விட்டது. அதனால் சிரிப்பு வந்தால் புதுப்பெண்போல வாயைப் பொத்திக்கொள்வான். இத்தனை பெரிய உடம்புக்குத் தவளை என்றால் பயம். மழைக்காலத்தில் வயலுக்குப் போகும்போது எருமையை முன்னால் விட்டு, அது மிதித்த இடத்தில்தான் தானும் மிதிப்பான்.

தொழில் கபடி. இங்கே வட்டக் களம். பாடி வருகிறவன் எதிராளியில் ஒருவனைத் தொட்டால், மல்லுக்கட்டு அந்த இருவருக்குள்தான். தொட்டவன் திரும்பி ஓடவேண்டும். தொடப்பட்டவன் அவனைப் பிடித்து, நேரம் தீர்கிறவரை விடாமல் வைத்திருக்கவேண்டும். அப்படிப் பிடிக்கிறவனுக்கு ஜாஃபி என்று பேர். ஜக்சீர் ஜாஃபி. பிடித்துவிட்டால் எதிராளியின் காதில் "மன்னிச்சுக்கோ வீரே, விட முடியாது, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். வீரே என்றால் சகோதரன். "அறைஞ்சாக்கூடத் தாங்கிக்கலாம், இவன் மன்னிப்பு கேக்கறான், சிரிச்சு மூச்சு போயிடுது" என்று வெளியூர் ஆட்டக்காரர்கள் நடுவரிடம் புகாரே கொடுத்திருக்கிறார்கள்.

களத்துக்கு வெளியிலும் கை சும்மா இருக்காது. விழப்போகிற எதையும் பிடித்துவிடுவான். தம்ளர், கோழி, பந்தல்கால், பஸ் படியில் தடுக்கின கிழவி. ஒருமுறை கால்வாய்க்கரைச் சரிவில் பிரேக் இல்லாமல் உருண்டு வந்த டிராக்டர் டிராலியைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினான். என் கண்ணால் பார்த்தேன். போன வருஷம் இதைச் சொன்னபோது டிராலி காலியாக இருந்தது. இந்த வருஷம் கரும்பு ஏற்றிவிட்டேன். கொஞ்சம் கூட்டிச் சொல்லாவிட்டால் கதை அவன் அளவுக்குப் போதாது.

இனிமேல் சொல்வதில் கூட்டுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

இடது தோள்தான் முதலில் போனது. கனடாவில் ஒரு கோடைக்கால ஆட்டத்தில் மூட்டு விலகியது. ஆட்டம் நடத்துகிறவர்கள் ஊசி போட்டு மறுநாளே இறக்கினார்கள். ஊருக்குத் திரும்பியபின் ஊசி கிடைக்கவில்லை, வலி மட்டும் கிடைத்தது. அப்போது அவனோடு சேர்ந்து ஆடுகிற மேஜர் என்கிற பையன் ஒரு பொட்டலம் கொடுத்தான். சிட்டா என்று இங்கே அதற்குப் பேர். வெள்ளை நிறப் போதைத் தூள். முதல் தடவை எப்படி இருந்தது என்று நான் கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணுமே இல்ல பைண்ஜி. வலி இல்ல, பயம் இல்ல, நாளைக்கு என்னன்னு இல்ல. அந்த ஒண்ணுமே இல்லாததுதான் பிடிச்சுப்போச்சு."

அப்புறம் வழக்கமான கதைதான். பரிசாக வந்த புல்லட் வண்டி போனது. மனைவி சிந்தரின் வளையல் போனது. கைப்பம்பின் இரும்புப் பிடியைக் கழற்றி விற்றான். அந்த வீட்டில் கொஞ்ச நாள் உலக்கையைச் செருகித் தண்ணீர் அடித்தார்கள். மேஜர் ஒருநாள் கால்வாய்க்கரையில், ஊசி கையில் குத்தியபடியே கிடந்தான். பிணத்தைத் தூக்கின நாலு பேரில் ஜக்சீரும் ஒருவன். தூக்கிக் கொண்டுபோய்க் கிடத்திவிட்டு வந்து, அன்று சாயங்காலமும் போட்டுக்கொண்டான்.

சிந்தர் ஒல்லியான பெண். நாக்கு மட்டும் அருவாள். அவள்தான் அவனை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். "போதையை விடப்போறோம்னு சொன்னா வரமாட்டாருன்னு தெரியும். எருமைக்குச் சினை ஊசி போடணும், கயிறு பிடிக்க ஆள் வேணும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். அங்க போய்ப் பாத்தா ஊசி எருமைக்கு இல்லேன்னு தெரிஞ்சுது" என்பாள். அங்கேதான் நாக்கடி மாத்திரை கொடுத்தார்கள். தினமும் வைக்கவேண்டும், வருஷக்கணக்கில் ஆனாலும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்றார்கள். வைத்தான். கன்னத்தில் சதை வந்தது. எருமைகள் அவன் கைக்குப் பால் விட்டன. அறுவடைக்கு ஆள் கூப்பிட வந்தவர்கள் மறுபடி அவன் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். சாயங்காலம் களத்தில் பையன்களோடு புரள ஆரம்பித்தான். தோள் தாங்கியது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது.

பிறகு பீர்கோட் கோப்பை வந்தது.

லோஹ்ரிப் பண்டிகை முடிந்து பனி விலகுகிற சமயத்தில், ஊர் பாபாவின் திருவிழாவில் நடக்கிற ஆட்டம் அது. பக்கத்து ஊர் தூல்கோட் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. ஜெயித்தவர்கள் ஊருக்குப் போகிற வழியில் நம் ஊரை ஒரு சுற்று சுற்றி மேளம் அடித்துவிட்டுப் போவார்கள். ஒரு தடவை மேளத்தைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, எங்கள் தலைமையாசிரியரை ஆடவும் வைத்தார்கள். கமிட்டித் தலைவர் கர்னைல் சிங்குக்கு அது தொண்டையில் முள். அவர் ஜக்சீரின் பெரியப்பா. தகப்பன் இல்லாத பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். குரலுக்கு மைக் வேண்டாம், முழங்காலுக்குத்தான் தடி வேண்டும். தூல்கோட்டுப் பையன்கள் போதையில் ஆடித்தான் ஜெயிக்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஆடுகிறவன் எல்லாரும் ஆட்டத்தன்று காலையில் மூத்திரச் சோதனைக்கு நிற்கவேண்டும் என்று விதி போட்டதும் அவர்தான். விதியைப் போட்டபிறகுதான் தெரிந்தது, நாக்கடி மாத்திரையும் அந்தச் சோதனையில் விழும் என்று.

நான் பக்கத்து வீடான அவன் வீட்டுக்கு மோர் கடன் வாங்கப் போயிருந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"மாத்திரைய விட்டுரு" என்றார் கர்னைல் சிங். "கோப்பை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

சிந்தர் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மரியாதைக்குச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "டாக்டரம்மா விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க பெரியப்பா. இது வியாதியாம், அது மருந்தாம். விட்டா பழைய எடத்துக்கே இழுத்துட்டுப் போகுமாம். அப்படிப் போறவன் பழைய அளவைப் போட்டா உடம்பு தாங்காதாம்."

"வியாதியா? எனக்குச் சர்க்கரை இருக்கு. அது வியாதி. அதுக்காக நான் எவ வளையலையாவது கழட்டிட்டுப் போனேனா?"

"பெரியம்மா ஜிலேபிய டிரங்குப் பெட்டியில வெச்சு பூட்டறாங்க. பூட்டை ஒடைச்சது யாருன்னு கேட்டுச் சொல்லவா?"

எருமைகூடச் சிரித்த மாதிரி இருந்தது. கிழவர் தடியால் தரையைத் தட்டினார். "ஒரு போதைய விட்டுட்டு இன்னொண்ணப் பிடிச்சிருக்கான். இதுல சர்க்கார் முத்திரை இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆம்பளன்னா ரெண்டையும் விடணும். ஊர் முன்னால, குரு முன்னால சத்தியம் பண்ணட்டும். அப்புறம் எவன் வாயத் திறப்பான்?"

ஜக்சீர் இரண்டு பேரையும் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைத் தள்ளினார்கள் என்று நான் எழுதமாட்டேன். "ஆடணும் சிந்தர்" என்றான். "ஒரு தடவ. களத்துல என் பேரச் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

குருத்வாராவில் புனித நூலுக்கு முன்னால் நின்று, எந்த ரூபத்திலும் எந்த போதையையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். மாத்திரையையும் பேர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். கழுத்தில் காவித் துண்டு போட்டார்கள். ஒலிபெருக்கி அதை வயல்வெளிக்கெல்லாம் சொன்னது. அன்றைக்குக் கொடுத்த கோதுமை அல்வாவில் நெய் மணக்க மணக்க இருந்தது. நானும் இரண்டு கை வாங்கித் தின்றேன்.

அதற்கப்புறம் உடம்பு முறிய ஆரம்பித்தது. கொட்டாவி. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். உரித்த கோழிபோல மேலெல்லாம் புள்ளி. படுத்தால் கால்கள் தாமாக உதைத்து, கட்டிலின் கயிறு இரண்டு இடத்தில் அறுந்தது. அத்தனைக்கும் அவன் சிட்டா தேடிப் போகவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பனி மூடின காலைகளில் முற்றத்து வேப்பமரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டு நிற்பான். "என்னடா பண்றே?" என்று கேட்டால், "பிடிச்சிட்டிருக்கேன் பைண்ஜி" என்பான். அதற்குமேல் பல் கிட்டித்த வாயிலிருந்து வார்த்தை வராது. ஊதுகிற ஆவிதான் வரும்.

பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளை துடிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர், ஒரு தம்ளரைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். கசகசாக்காயின் ஓட்டை இடித்துக் கொதிக்கவைத்த தண்ணீர். புக்கி என்பார்கள். அவர் வயதில் பாதிப் பேர் விடியற்காலையில் அதைக் குடித்துவிட்டுத்தான் முழங்காலை நீட்டுவார்கள். ஒரு காலத்தில் அறுவடைக்கு ஆள் பிடித்தால் கூலியோடு கைப்பிடி புக்கியும் பேசி முடிப்பார்கள். அதைப் போதை என்றால் அவருக்குப் புரியாது. காப்பியைப் போதை என்றால் கும்பகோணத்துக்காரனுக்குப் புரியுமா?

"குடி. இது செடி. ஆண்டவன் மண்ணுல போட்ட மருந்து. என் அப்பன் குடிச்சான், அவன் அப்பன் குடிச்சான்."

ஜக்சீர் குடித்தான். பெரியப்பா கையால் வருவது போதையாக இருக்கும் என்று அவனுக்கும் தோன்றவில்லை. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. கால் உதைப்பது நின்றது. ரொட்டி இறங்கியது. "சொன்னேன்ல? சத்தியம் வேலை செய்யுது" என்று கிழவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முண்டாசு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிந்தர் அப்போது ஆற்றங்கரை ஊரில் தாய்க்கு முடியாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்ளரைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

கோப்பை நாளில் வெயில் நன்றாக விழுந்தது. களத்தைச் சுற்றி டிராக்டர்கள், டிராக்டர்கள்மேல் ஜனம். மைக்குக்காரன் ஜக்சீரைப் பற்றி நாலு அடி பாட்டே கட்டிவைத்திருந்தான். பூமி சுழலும்போது இவன் பிடித்தால் நிற்கும் என்கிற ரீதியில். பக்கத்துக் கூடாரத்தில் டவுனிலிருந்து வந்த சோதனைக்காரன், ஒவ்வொருத்தன் மூத்திரத்திலும் ஒரு பட்டையைத் தோய்த்துத் தோய்த்துப் பார்த்தான். ஜக்சீரின் பட்டையில் வரவேண்டிய ஒரு கோடு வரவில்லை. கோடு வராவிட்டால் மூத்திரத்தில் போதை இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு பட்டை எடுத்தான். அதிலும் வரவில்லை.

"மார்ஃபின்" என்றான்.

அந்த வார்த்தையை அங்கே யாரும் கேட்டதில்லை. சிட்டாவுக்கு டாக்டர்கள் வைத்த பேராக்கும் என்று கேட்டவர்களே முடிவு செய்துகொண்டார்கள். மைக்குக்காரன் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, "பீர்கோட்டின் சிங்கம் போதையில் பிடிபட்டது" என்று அறிவித்தான். கர்னைல் சிங் எழுந்து, மைக் தேவைப்படாத மனிதர் மைக்கையும் பிடுங்கிக்கொண்டு சொன்னார்: "என் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் விதி விதிதான். குருவுக்கு முன்னால பண்ண சத்தியத்த மிதிச்சவன் எனக்கு யாரும் இல்ல!" குரல் உடைந்தது. நடிப்பு என்று நினைக்காதீர்கள். தன் தம்ளர் அந்தக் கோட்டை அழித்திருக்கும் என்று அவருக்கு அப்போது கனவிலும் தெரியாது.

ஜக்சீர் குனிந்து களத்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, ஜட்டியோடு இருந்தவன் சட்டையைக்கூட எடுக்காமல், டிராக்டர்களுக்கு நடுவில் நடந்துபோனான். வழிவிட்டார்கள். ஒருத்தன், "சீக்கிரம் போ வீரே, கடை மூடிடப்போறான்" என்றான். சில பேர் சிரித்தார்கள்.

திருவிழா என்றால் ஜிலேபிக் கடைபோல அந்தக் கடையும் கூடவே வரும். மோட்டார்சைக்கிளில் வரும். அதுவரைக்கும் சிட்டாவைத் தொடாதவன், தொட்டுவிட்டான் என்று ஒலிபெருக்கி சொன்னபின் போய்த் தொட்டான். வயலில் மோட்டார்க் கொட்டகைக்குள் உட்கார்ந்து, மாத்திரைக்கு முந்தின காலத்தில் எவ்வளவு போடுவானோ அவ்வளவும் போட்டான்.

அன்றைக்கு ஆட்டம் பார்க்கத் தாய்வீட்டிலிருந்து வந்திறங்கிய சிந்தர், பஸ் நிறுத்தத்திலேயே சேதியைக் கேட்டாள். பழைய நாட்களில் அவன் பதுங்குகிற இடம் தெரிந்தவள், நேராக வயலுக்கு ஓடினாள். உதடு நீலமாய்க் கிடந்தவனை எப்படி டிராலியில் ஏற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. டிராக்டரைத் தானே ஓட்டினாள். டவுன் ரோடு களத்தை ஒட்டித்தான் போகிறது. மேளத்துக்கும் பாட்டுக்கும் ஊதல்களுக்கும் நடுவில், ஹாரனை அழுத்தின கையை எடுக்காமல் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் போனதை ஊரே பார்த்தது. டிராலியில் யார் கிடக்கிறார்கள் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எதிர் ஊசி போட்டு மூச்சைத் திருப்பினார்கள். கண் திறந்ததும் அவன் கேட்டது: "யாரு ஜெயிச்சா?"

சிந்தர் ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் "தூல்கோட்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். என்ன குடித்தாய், என்ன தின்றாய் என்று டாக்டரம்மா துருவிக் கேட்டதில் தம்ளர் வெளியே வந்தது. "புக்கியும் அபின்தானேம்மா. அதுக்குத்தான் மார்ஃபின்னு பேரு" என்று டாக்டரம்மா சொன்னபோது சிந்தர் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஊர் கூடிப் பேசியது. குருத்வாரா முற்றத்தில் பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாசல் தூணுக்குப் பக்கத்தில் ஜக்சீர் தலையைக் குனிந்து நின்றான். அங்கேயும் பாதி ஒருக்களித்துத்தான். கமிட்டி நாற்காலியில் கர்னைல் சிங். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் சேதி எட்டிவிட்டது என்று தெரிந்தது. டாக்டரம்மா அவர் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்டிருந்தாள். தடியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"குடிச்சவன மன்னிக்கலாம், சத்தியத்த ஒடச்சவன எப்படி மன்னிக்கறது?" என்றார் புனித நூல் வாசிக்கிற கிரந்தி.

"வியாதின்னு சொல்றாங்க ஜி" என்றாள் சுகாதாரப் பணிப்பெண்.

"வியாதின்னா ஒட்டிக்கணுமே. என் பையனும்தான் அவன்கூட ஆடினான். அவனுக்கு ஏன் வரல?" என்றார் கமிட்டி ஆள் ஒருவர்.

"காலராக்கூட எல்லாருக்கும் வராது ஜி."

"காலரா வந்தவன் பம்புப் பிடிய விப்பானா? இது திமிரு. நாலு சாத்து சாத்தினா எறங்கிடும்."

பெண்கள் பக்கத்திலிருந்து மேஜரின் அம்மா எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. "எங்க வீட்டுலயும் சாத்தினோம்" என்றாள். "கட்டியும் வெச்சோம். சத்தியமும் வாங்கினோம். இது வியாதியா, திமிரான்னு நாங்க பேசிட்டிருக்கறப்பவே பையன் போயிட்டான். நீங்க நிதானமா பேசி முடிங்க. என்ன முடிவாச்சுன்னு எனக்குச் சொல்லி அனுப்புங்க." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

சிந்தர் கணவனைப் பார்த்தாள். 'சொல்லு' என்று அந்தப் பார்வை பாய்களைத் தாண்டிப் போனது எனக்கே தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோதனைக்கு முன்னால் அவன் சிட்டா தொடவில்லை, சத்தியத்தை அவன் தானாக மிதிக்கவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அவன் பேர் பாதியாவது மிஞ்சும். அவன் பெரியப்பாவின் முழங்காலைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பேசவில்லை.

களத்து வாசல் வளைவில் வரைந்திருந்த அவன் படத்தை அழித்துவிடுவது, இனிமேல் அவனை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை என்று முடிவானது. கொண்டுவந்த சுண்ணாம்பு போதவில்லை. முகமும் மார்பும் போய், விரித்த கைகள் மட்டும் இன்றைக்கும் அந்த வாசலில் நிற்கின்றன.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். காது கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை.

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? எங்க பெரியப்பா எனக்கு அபின் குடுத்தாருன்னா?"

"ஆமா, அப்படித்தான். அவர் நாற்காலியில உக்காந்திருந்தாரு, நீங்க தூண்கிட்ட நின்னீங்க. தம்ளர் அவரோடது."

"போலீஸ் வந்து அந்த வயசுல கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போறதப் பாக்கணுமா? வலி தீரட்டும்னு குடுத்தாரு. கொட்டகையில போட்டுக்கிட்டது நான்."

"சரி, எனக்காவது சொல்லுங்க. உங்களுக்கு வந்தது வியாதியா, திமிரா? நான் எதோட குடும்பம் நடத்தறேன்னு தெரிஞ்சுக்கறேன்."

எருமைத் தொட்டியில் அவன் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"தெரியல சிந்தர். போகாதடான்னு புடிச்சதும் நான்தான். உதறிட்டு ஓடினதும் நான்தான். ரெண்டு பேரும் நல்லாத்தான் ஆடினாங்க. ஜாஃபி தோத்துட்டான்."

மறுபடி மாத்திரையில் இருக்கிறான். நடுவில் இரண்டு தடவை சறுக்கியும் இருக்கிறான். அந்த நாட்களில் சிந்தர் யாரிடமும் பேசமாட்டாள், சாணி தட்டுகிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்கும். இந்தத் தடவை எவ்வளவு நாள் ஓடும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இன்னிக்கு வந்திருக்கான்" என்றாள். அதற்குமேல் அவள் சொல்வதில்லை.

டவுன் ஆஸ்பத்திரி முன்வாசலில் ரோட்டைப் பார்த்தபடி இரண்டு சன்னல்கள். இந்தச் சன்னலில் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை. இங்கே நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு, யாருக்கு அளவு அதிகம் என்று பெருமையடித்துக்கொண்டு நிற்போம். அந்தச் சன்னலில் நாக்கடி மாத்திரை. அங்கே சுவரை ஒட்டி வரிசையாக நிற்கிறவர்கள் பேசுவதில்லை. பாதிப் பேர் துணியால் மூக்குவரை மூடியிருப்பார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் ராஜஸ்தானிலிருந்து புக்கி வருகிற வழியைப் போலீஸ் அடைத்துவிட்டது. மாவட்டம் முழுக்கக் கிழவர்கள் கொட்டாவி விட்டார்கள். போன வாரம் எங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வரிசையில் ஜக்சீர் நின்றான். அவனுக்குப் பின்னால், கம்பளிப் போர்வையை முண்டாசோடு சேர்த்து இழுத்து மூடிக்கொண்டு, கல்யாணப் பெண்மாதிரி தலையைக் குனிந்து ஒரு பெரியவர் வந்து நின்றார். போர்வைக்குள் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. தடியைப் பார்த்தேன். கர்னைல் சிங்.

ஜக்சீர் திரும்பினான். இரண்டு பேரும் கோப்பை நாளிலிருந்து பேசிக்கொள்ளாதவர்கள்.

"முட்டிக்கு மாத்திரை வாங்க வந்தேன்" என்றார் கிழவர், அவனைப் பார்க்காமல்.

"இங்கதான் குடுக்கறாங்க பெரியப்பா" என்றான் ஜக்சீர்.

அவன் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கொடுக்கிற நிலையில் அவன் உடம்பும் இல்லை. அந்நேரம் பார்த்து எதிரே பீர்கோட் பஸ் வந்து நின்றது. கிரந்தியும், கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும், பின்னாலேயே பாதித் தெருவும் இறங்க ஆரம்பித்தார்கள். கிழவர் போர்வையை இன்னும் இழுத்தார். அது கண்ணுக்கு வந்தது, முழங்கால் வெளியே தெரிந்தது, தடியும் தெரிந்தது. ஊரில் அந்தத் தடியை அறியாத குழந்தை இல்லை.

ஜக்சீர் வரிசையிலிருந்து காலை எடுக்காமல், கிழவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வரும்படி உடம்பை மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பினான். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை விரித்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் ஜக்சீர் ஒருத்தன்தான் தெரிந்தான்.